சூடு கண்ட பூனையும் அடுப்பங்கரையும்

“சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது” என்பது நம்மவர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட எனது பத்திரிகை வாழ்க்கையில் இப்பழமொழியை எத்தனை ஆசிரியர் தலையங்கங்களில் எடுத்தாண்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பேச்சுவார்த்தை மேசையிலிருந்து எழுந்து சென்றவர்கள் மீண்டும் வந்து அமரத் தயங்கியபோது எழுதினேன். ஒப்பந்தங்கள் செய்யப்படுவதும் கைவிடப்படுவதுமாக இருந்த காலங்களில் எழுதினேன். ஆனால், உண்மையிலேயே சூடு கண்ட பூனை ஒன்றை அருகில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு 2024ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. அதன் பின்னர் இப்பழமொழியை நான் முன்போல எளிதாக எழுதுவதில்லை.

ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஒரு வாரம் கழிந்திருக்கும். வெள்ளவத்தையில் கடற்கரைப் புகையிரதப் பாதையை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. இருபுறமும் மாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. இடையிலே எஞ்சியிருக்கும் பழைய ஓட்டு வீடு எங்களுடையது. அன்றிரவு பெய்த மழையில், குசினிக்குப் பின்புறம் எரிவாயுச் சிலிண்டர் வைக்கும் மூலையிலிருந்து மெல்லிய முனகல் கேட்டது. டோர்ச் அடித்துப் பார்த்தபோது, சாம்பல் நிறக் குட்டியொன்று சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. முதுகிலிருந்து வலப்பக்கத் தொடை வரையில் மயிர் உதிர்ந்து தோல் சிவந்திருந்தது.

“இஞ்சாருங்கோ, உது விடியும் வரைக்கும் தாங்காது போல கிடக்கு” என்றார் மனைவி.

நான் வெறுங்கையை நீட்டினேன். அது கடித்தது. பெருவிரலில் நான்கு சிறு துளைகள். இது போன்ற கடியை அற்பமாக எண்ணலாகாது. விசர்நோய் நாய்களால் மட்டுமன்றிப் பூனைகளாலும் பரவக்கூடியது. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். காலந்தாழ்த்தாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நான் இரண்டையும் செய்தேன். தடுப்பூசி ஏற்றிய தாதி, “வயதான காலத்தில் இது தேவையா ஐயா?” என்று கேட்காமல் கேட்ட பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மறுநாள் காலையில் தடித்த துவாய் ஒன்றைப் போர்த்திக் குட்டியைப் பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றோம். பாற்பற்கள் யாவும் முளைத்திருப்பதையும் எடையையும் வைத்து, வயது ஒன்பது வாரம் அளவில் இருக்கும் என்றார் அவர். காயம் கொதிநீரால் ஏற்பட்டது என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. புண் சிறிதாக இருந்தாலும், பற்பசை, நல்லெண்ணெய் போன்றவற்றைப் பூசவே கூடாது என்றார். மனிதருக்குக் கொடுக்கும் வலி மாத்திரையான பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு என்பதையும் அவர் சொல்லியே அறிந்தேன். ஆறு நாட்கள் சிகிச்சை நிலையத்திலேயே வைத்திருந்து திருப்பித் தந்தபோது, “புண் சில வாரங்களில் ஆறிவிடும். பயம் ஆறுவதற்கு எவ்வளவு காலம் செல்லும் என்று என்னால் சொல்ல முடியாது” என்றார்.

அந்தப் பயத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் செய்த முதல் தவறை ஒளிக்காமல் எழுத வேண்டும். வீட்டுக்கு வந்த குட்டி அலுமாரியின் அடியிலே புகுந்துகொண்டது. இரண்டு நாட்கள் வெளியே வரவில்லை. இரவில் யாருமில்லாத நேரத்தில் உணவுத் தட்டு மட்டும் காலியாகும். மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கையுறை போட்டுக்கொண்டு அதனை இழுத்தெடுத்து மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். நான் தீங்கு செய்யமாட்டேன் என்பதை அது இவ்வாறு தெரிந்துகொள்ளும் என்பது எனது எண்ணம். சற்றுத் திமிறியது, பின்னர் அடங்கிவிட்டது. “பார்த்தீர்களா, பழகிவிட்டது” என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அருகே நின்ற ஒன்பது வயதுப் பேத்தி விரல் நுனியை அதன் விலாவில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அம்மப்பா, இதின்ர நெஞ்சு படபடவெண்டு அடிக்குது.”

உண்மைதான். கண்மணிகள் கறுப்பு வட்டங்களாக விரிந்திருந்தன. காதுகள் தலையோடு தட்டையாகக் கிடந்தன. அது பழகவில்லை, தப்ப வழியில்லை என்று கண்டு உறைந்துபோயிருந்தது. நான் கையைத் தளர்த்தியதும் பாய்ந்தோடி மீண்டும் அலுமாரியின் கீழ் புகுந்துகொண்டது. அடுத்த நாள் இரவு உணவையும் அது தொடவில்லை.

அடங்கியிருப்பது வேறு, நம்பியிருப்பது வேறு. இந்த வேறுபாட்டை அறிய எனக்கு எழுபது வயது ஆக வேண்டியிருந்தது என்பதில் சற்று வெட்கமும் உண்டு. ஏனெனில் எனது தொழிலிலேயே அதனை நான் கற்றிருக்க வேண்டும். 1990களில் அகதி முகாம் ஒன்றில் ஒரு தாயிடம் பேட்டி கண்டேன். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொன்னார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எவர் எங்கே காணாமற் போனார் என்று ஒவ்வொன்றாக, நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார். நல்ல பேட்டி என்று மகிழ்ந்து எழுந்தேன். பல காலம் கழித்தே உறைத்தது: கையில் குறிப்புப் புத்தகத்தோடு வந்து கேட்பவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று வாழ்க்கை அவருக்குக் கற்பித்திருந்தது. அவர் என்னை நம்பிச் சொல்லவில்லை. மறுக்க இயலாது என்று எண்ணிச் சொன்னார். ஒரு பூனைக்குட்டியையும் ஒரு தாயின் துயரத்தையும் ஒப்பிடுவதாக எவரும் கருத வேண்டாம். இரு இடங்களிலும் ஒரே தவறைச் செய்தவன் நான் என்பதையே சொல்கிறேன்.

அதன் பின்னர் வாசிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவின் ரெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்ற உளவியலாளர் 1980களில் செய்த ஆய்வுகள் இத்துறையில் அடிப்படையானவை. பிறந்து இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரையிலான காலத்தில் மனிதரின் கைகளில் மென்மையாகப் பழகிய குட்டிகள், பிற்காலத்தில் மனிதரை எளிதில் நாடுகின்றன என்று அவர் கண்டார். எங்கள் குட்டிக்கு அந்தக் காலம் கடந்துவிட்டிருந்தது. அக்காலத்தில் அது மனிதரிடம் கண்டதெல்லாம் எறிகல்லும் விளக்குமாறுமாக இருந்திருக்கலாம். இறுதியில் கண்டது கொதிநீர். ஆயினும் கதவு முற்றாக அடைபட்டுவிடுவதில்லை. திறப்பதற்கு அதிக காலமும், திறக்கும் உரிமையைப் பூனையிடமே விட்டுவிடும் பொறுமையும் தேவைப்படும், அவ்வளவுதான்.

எனவே முறையை மாற்றினோம். பின்பக்கத்துச் சிறிய அறையை அதற்கென ஒதுக்கினோம். அலுமாரியின் அடியை அடைத்துவிட்டு, பக்கத்தில் வாசல் வெட்டிய மட்டைப்பெட்டி ஒன்றை மூலையில் வைத்து, உள்ளே எனது பழைய சாரம் ஒன்றை விரித்தோம். ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தால் அது வெளியே வராது என்று பலர் நினைப்பர். உண்மை நேர்மாறானது. நெதர்லாந்தின் உத்ரெக்ற் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் பெட்டி கொடுக்கப்பட்டவை, கொடுக்கப்படாதவற்றைவிட விரைவாக மனஅழுத்தம் தணிந்து காணப்பட்டன. ஓடிப்போய் ஒளிய ஓரிடம் உண்டு என்ற உறுதியிருந்தால்தான் வெளியே வரும் துணிவும் பிறக்கும். அந்தப் பெட்டிக்குள் எவரும் கைவிடக் கூடாது என்பது வீட்டின் முதலாவது சட்டமாயிற்று.

இரண்டாவது சட்டம், உணவு நேரம் தவறக் கூடாது என்பது. காலை ஆறரை, நண்பகல், மாலை நான்கரை, இரவு ஒன்பது. அவித்து முள் நீக்கிய மீனும் குட்டிகளுக்கான உலர் உணவும் வைத்தோம். பசுப்பால் வைக்கவில்லை. பூனை என்றால் பால் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்கு அது வயிற்றோட்டத்தையே கொடுக்கும்.

மூன்றாவது சட்டம் எனக்கானது. தட்டை வைத்துவிட்டு, அறையின் மறுமூலையில் தரையில் அமர்ந்து, அதனைப் பாராமல், அன்றைய பத்திரிகையைத் தாழ்ந்த குரலில் வாசிக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் மனிதன் அதற்கு ஒரு மலை. உற்று நோக்கும் கண் அதற்கு வேட்டைக்காரனின் கண். மேலும், மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரையில் கேட்கும் என்றால், பூனையின் காது 60,000ஐயும் தாண்டிக் கேட்கக்கூடியது. நமக்குச் சாதாரணமான கதிரை இழுபடும் ஓசை அதற்கு எப்படியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. வேட்பாளர்களின் வாக்குறுதிகளை நான் தினமும் அந்த அறையில் வாசித்தேன். என்னைவிட அதிகமான ஐயத்தோடு அவற்றைக் கேட்ட ஒரே சீவன் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

பத்தாம் நாள் மூக்கு வெளியே தெரிந்தது. பதினைந்தாம் நாள் நான் அறையில் இருக்கும்போதே வந்து உண்டது. ஒவ்வொரு நாளும் தட்டை ஒரு கையகலம் எனது பக்கம் நகர்த்தினேன். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றைப் பற்றி மகள் சொன்னாள். மனிதர் கண்களை மெல்லச் சுருக்கி மெல்லத் திறந்தால், பூனைகளும் அவ்வாறே பதில் செய்கின்றன. அப்படிச் செய்த மனிதரை நாடி வரவும் செய்கின்றன என்று அதில் கண்டிருக்கிறார்கள். நானும் செய்து பார்த்தேன். வீட்டார் சிரித்தார்கள். இருபத்தைந்தாம் நாளளவில், தட்டுக்கு அப்பாலிருந்து அந்தச் சாம்பல் முகம் என்னை நோக்கி ஒருமுறை மெல்லக் கண்மூடித் திறந்தது. முதற்பக்கச் செய்தி ஒன்று கிடைத்த நாட்களில்கூட நான் அவ்வளவு மகிழ்ந்திருப்பேனோ தெரியாது.

ஒக்ரோபர் 31ஆம் திகதி தீபாவளி வந்தது. ஒழுங்கையில் சீனவெடிகள் வெடித்தன. அன்றிரவு பெட்டிக்குள் புகுந்தது நான்கு நாட்கள் என் எதிரில் வரவில்லை. தட்டை மீண்டும் சுவரோரத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. எனக்குச் சலிப்பு ஏற்பட்டது என்பதை மறைக்கமாட்டேன். இவ்வளவு செய்தும் நன்றியில்லையே என்று மனம் சொன்னது. ஆனால் வெடியைக் கொளுத்தியது நானல்லன் என்பது அதற்கு எப்படித் தெரியும்? மனிதர் என்ற ஓர் இனத்தையே அது அறியும். அந்த இனத்தில் ஒருவர் செய்ததற்கு மற்றவரும் பொறுப்பேற்கத்தான் வேண்டியிருக்கிறது.

இந்த நாட்களில்தான் கொதிநீரை ஊற்றியது எவர் என்பதை அறிந்தேன். எங்கள் பின்மதிலுக்கு அப்பால் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையற்கட்டு இருக்கிறது. சந்தேகம் முதலிலிருந்தே இருந்தது. பொலிஸில் முறைப்பாடு செய்வதென்று எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு முன் ஒருமுறை நேரில் கேட்போம் என்று போனேன். பாத்திரம் கழுவும் பொடியன் ஒருவன் வெளியே வந்தான். மலையகத்திலிருந்து வந்தவன், பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். நான் கேட்டதும் அவன் மறுக்கவில்லை.

“தாய்ப்பூனை மீனைத் தூக்கிக்கிட்டு ஓடிச்சுங்க ஐயா. மீன் காணாமப் போனா எங்க சம்பளத்துலதான் வெட்டுவாங்க. கையில இருந்ததை ஊத்திட்டேன். குட்டி பின்னாடி நின்னதைப் பாக்கல” என்றான். பேசும்போது அடிக்கடி உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டான். உள்ளிருந்து முதலாளியின் குரல் கேட்டதும் அவனது தோள்கள் சட்டென்று ஒடுங்கின. அந்த ஒடுக்கத்தை நான் ஒரு மாதமாக மட்டைப்பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் முறைப்பாட்டைக் கொடுக்கவில்லை. அது சரியா, பிழையா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நமது நாட்டில் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் காலத்தில் இயற்றப்பட்டது. அதன் கீழான அபராதம் 100 ரூபாய் என்ற அளவிலேயே தசாப்தக் கணக்கில் நின்றது. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்குநலச் சட்டமூலமொன்றை வரைந்தும், அது சட்டமாகாமலே ஆண்டுகள் பல உருண்டன. வலுவான சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. மிருகங்களை வேண்டுமென்றே வதைத்து மகிழ்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு நூறு ரூபாய் ஒரு தண்டனையல்ல. ஆனால் அந்தப் பொடியனை நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தால், காணாமற்போன மீனின் விலையை அவன் சம்பளத்தில் வெட்டியவர் சாட்சிக் கூண்டிலும் ஏறியிருக்க மாட்டார். கொடுமை பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. அதன் கடைசிப் படியில் வாயில்லாத சீவன் ஒன்று நிற்கிறது.

முறைப்பாட்டுக்குப் பதிலாக நான் முதலாளியைச் சந்தித்தேன். பழைய பத்திரிகைக்காரன் என்பதால் கதிரை தந்து தேநீரும் தந்தார். மீன் வைக்கும் இடத்துக்கு வலைக்கதவு போடுவதற்கு ஆகும் செலவு, பொடியனிடம் அவர் ஒரு மாதத்தில் வெட்டும் தொகையைவிட அதிகமாகாது என்று சொன்னேன். முகம் கறுத்தது. ஆயினும் இரண்டு வாரம் கழித்து வலைக்கதவு வந்தது. தாய்ப்பூனையைப் பிடித்துக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்கும் செலவை நாங்கள் ஏற்றோம். குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு வருவதைப் பாவமில்லாத காரியமாக எண்ணும் வழக்கம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. அவ்வாறு விடப்படும் குட்டிகளில் எத்தனைக்கு ஒரு மட்டைப்பெட்டி கிடைக்கும்? பிறந்தபின் எறிவதைவிடப் பிறவாமல் தடுப்பதே கருணை.

சாம்பல் – பேத்தி வைத்த பெயர் அதுதான் – டிசெம்பர் மாத நடுப்பகுதியில் ஒரு மாலை, நான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தபோது வந்து எனது முழங்காலை முகர்ந்தது. நான் அசையவில்லை. தலையால் ஒருமுறை உரசிவிட்டுப் போய்விட்டது. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் விரல் ஒன்றை அதன் மூக்கின் உயரத்துக்கு நீட்டினேன். தலைக்கு மேலாகக் கையைக் கொண்டு போகவில்லை. அது தானாகவே கன்னத்தை விரலில் தேய்த்தது. தைப்பொங்கலன்று மடியில் ஏறிப் படுத்தது. பேத்தி வாசற்படியில் நின்று மூச்சையும் அடக்கிக்கொண்டு பார்த்தாள். ஓடி வந்து தூக்க வேண்டும் என்ற ஆசை அவளது கைகளில் தெரிந்தது. ஆனால் தூக்கவில்லை. ஒரு சிறு பிள்ளை இதைவிடப் பெரிய பாடம் ஒன்றைக் கற்க முடியுமா என்று நான் எண்ணினேன். விரும்புவது ஒன்று, விரும்பியதை எடுத்துக்கொள்ளாமல் காத்திருப்பது இன்னொன்று. இதனை ஒன்பது வயதில் கற்றவர்கள், பிற்காலத்தில் தமது வீட்டிலும் அலுவலகத்திலும் தமக்குக் கீழே இருப்பவர்களிடம் எவ்வாறு நடந்துகொள்வார்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. நமது பாடசாலைகளில் சீவகாருண்யம் என்பது மனப்பாடம் செய்து எழுதும் விடயமாக இருக்கிறது. இவ்வாறு காத்திருந்து கற்கும் விடயமாக ஆக வேண்டும்.

இப்போது சாம்பல் வீடு முழுவதும் உலவுகிறது. மதியத்தில் எனது சாய்மனைக் கதிரை அதற்கு உரியது. மழை நாட்களில், சமையல் முடிந்து அடுப்பு அணைந்த பின்னர், குசினி மேடையின் சூட்டை நாடி அங்கேயே சுருண்டு படுக்கிறது. அந்தவகையில் பழமொழி பொய்த்துவிட்டது எனலாம். ஆனால் முற்றாகப் பொய்க்கவுமில்லை. மனைவி தேநீருக்கு நீர் கொதிக்க வைத்துக் கேத்தலைக் கையில் எடுத்ததும், எவ்வளவு ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தாலும் எழுந்து, பின்னறையில் இன்னும் நாங்கள் அகற்றாமல் வைத்திருக்கும் அந்த மட்டைப்பெட்டிக்குள் போய்விடுகிறது. கேத்தல் கீழே வைக்கப்பட்டுச் சிறிது நேரம் கழிந்ததும் தானாகவே திரும்பி வருகிறது.

நாங்கள் அதனை அழைப்பதில்லை. மட்டைப்பெட்டியை எடுத்துவிடலாமே என்று வீட்டுக்கு வருபவர்கள் சொல்கிறார்கள். அது இருக்கும் வரையில் அந்தப் பெட்டியும் இருக்கும்.